கேஸ் டிரபிள் முறை

ஓசூர் வால்வு கம்பெனியில் திம்மராயனுக்கு இரண்டு உத்தியோகம். சம்பளத்துக்கு லேத் ஓட்டுவது ஒன்று. பெருமைக்கு, வயிற்றுக் கோளாறுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. லீவு கொடுக்கும் ஆபீசர் வடக்கத்திக்காரர். தமிழும் புரியாது, கன்னடமும் தெலுங்கும் புரியாது. எட்டாவதில் தேறாத திம்மராயனின் இங்கிலீஷை நம்பித்தான் ஒர்க்ஷாப்பில் எல்லோருக்கும் வயிறு வலித்தது.

‘லூஸ் மோஷன்’ என்றால் ஆபீசர் மூக்கைச் சுளித்துக்கொண்டு உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ‘வாமிட்டிங்’ என்றால் அரை நாள். ‘கேஸ் டிரபிள்’ என்றால் ஒரு மாத்திரை, கொஞ்ச நேரம் பெஞ்சில் படுக்கை, திரும்ப மெஷின். கேழ்வரகு அறுப்பு சமயத்தில் எல்லோரும் லூஸ் மோஷனுக்கே பாய்ந்ததில், கம்பெனியில் காலரா வந்துவிட்டதென்று ஆபீசர் மிரண்டுபோனார். அப்போதுதான் திம்மராயன் முறை வைத்தான். ஆளுக்கொரு வார்த்தை, வாராவாரம் மாறும்.

“ஏன்ணா, எனக்கு மறுபடியும் கேஸா?” என்றான் டிரில்லிங் மெஷின் கரியப்பன்.

“உன் மூஞ்சிக்கு அதுதான்டா பொருந்துது. அடுத்த வாரம் உனக்கு ஜம்முனு பேதி தர்றேன், போ.”

கரியப்பன்தான் முதலில் சிரித்தான்.

அந்த வாரம் அவனுக்குக் காலை ஷிப்டு, திம்மராயனுக்கு மத்தியான ஷிப்டு. செவ்வாய்க்கிழமை கரியப்பனுக்கு நிஜமாகவே வலி வந்தது. வாந்தியும் எடுத்தான். ஆனால் வாமிட்டிங் அந்த வாரம் முனிராஜுடையது. அடுத்தவன் முறையில் கை வைக்கிற பழக்கம் கரியப்பனுக்குக் கிடையாது. “கேஸ் டிரபிள் சார்” என்றான். மாத்திரை கிடைத்தது. மறுநாளும் அதையே சொன்னான். வியாழக்கிழமை திம்மராயன் உள்ளே நுழையும்போது, கரியப்பன் மெஷினடியில் சுருண்டு கிடந்தான்.

கம்பெனி டெம்போவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் தலை திம்மராயன் மடியில்.

“ணா, நான் முறை மாத்தலண்ணா. முனிராஜ் கோச்சுக்கமாட்டான்ல?”

“மாட்டான்டா. நீ பேசாத.”

குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெல்லாம் பரவிவிட்டது என்றார் டாக்டர். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கெலமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்த சென்னம்மாவுக்கு அது தெரியாது. புருஷனுக்கென்று சீரகத் தண்ணீரைத் தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் திம்மராயனைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது.

“நீங்க கூட இருக்கீங்களாண்ணா, அது போதும். சூடா இருக்குது, ஆத்திக் குடுங்க.”

அவன் வாங்கினான். மூடியில் ஊற்றினான், திரும்பப் போசியில் ஊற்றினான். தண்ணீர் எப்போதோ ஆறிவிட்டது. நிறுத்தினால் சொல்லியாக வேண்டும். அவன் ஆற்றிக்கொண்டே இருந்தான்.