ஒடெஸா வாய் திறக்கவில்லை

தன் முடிதிருத்தும் கடையில் வெர்னெட்டாவின் தலையில் இருந்த நுரையை ஒடெஸா வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தபோது டிவியில் மறுபடியும் அந்தப் பேச்சு எழுந்தது. அதிபரின் தலைமை ஆலோசகர் ப்ரெஸ்காட் மேல் ரகசியமாகக் குற்றப்பத்திரிகை தயாராகி, நீதிமன்றத்தில் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கிறதாம். நிச்சயம் இருக்கிறது என்றார் ஒருவர். சுத்தப் புரளி என்றார் அடுத்தவர். ப்ரெஸ்காட்டோ நிருபர்களைப் பார்த்து, “அது கெடச்சா எனக்கும் ஒரு காப்பி குடுங்கப்பா” என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினான்.

கடையில் இருந்த பெண்கள் யாரும் டிவியைப் பார்க்கவில்லை. ஒடெஸாவைத்தான் பார்த்தார்கள். குளிர்காலம் முழுக்க அவள் வாரத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்வந்தது ஜார்ஜியா அவென்யூ தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். ஒருவர்மேல் வழக்குத் தொடுக்க முகாந்திரம் உண்டா என்று மூடிய அறையில் முடிவுசெய்யும் குடிமக்கள் குழுவான ஜூரியில் அவள் பெயரும் விழுந்திருந்தது. எந்த வழக்கு என்று அவள் மூச்சு விட்டதில்லை. விடமாட்டேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்திருந்தாள். ஆனால் அதே கட்டடத்துக்குள் ப்ரெஸ்காட் நுழைந்ததை டிவி காட்டியதே, தெருவுக்குக் கண் இல்லையா?

“ஒடெஸாக்கா, நீங்க பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க” என்றாள் முடி உலர்த்தும் ட்ரையருக்கு அடியில் இருந்த ஷானிஸ்.

“என் தலை ஆடினா கத்திரிக்கோலும் ஆடும். உன் காத நெனச்சுக்கோடி.”

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னெட்டா சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து நிமிர்ந்து, ஒடெஸாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் சொல்லு. லமாருக்கு நீ ஞானத்தாய்.”

போருக்குப் போன அவள் மகன் லமார் ஒரு காலோடு திரும்பியவன். அவன் போன வண்டியின் அடித்தகடு குண்டு தாங்காது என்று முன்பே ஒரு அறிக்கை வந்திருந்தது. அதை அமுக்கியது ப்ரெஸ்காட்தான் என்று ஊரே பேசியது. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று ப்ரெஸ்காட் சத்தியம் செய்து சொல்லியிருந்தான்.

ஒடெஸாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமாம், குற்றம் சாட்டியாகிவிட்டது, நானும் கை தூக்கினேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் ப்ரெஸ்காட்டோடு குற்றத்தில் சேர்ந்த இன்னொருவன் வெளிநாட்டில் இருந்தான். இங்கே ஒரு வார்த்தை கசிந்தால் அவன் திரும்பவே மாட்டான். முத்திரை அதற்காகத்தான்.

“என்னால முடியாது, வெர்னெட்டா.”

“அவன விட்டுட்டீங்க, அதானே? அவன் கோட்டையும் டையையும் பாத்து எல்லாரும் பயந்துட்டீங்க.” ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். “எம் புள்ள மூஞ்சில எப்படிடி முழிப்ப?”

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அதன்பிறகு வெர்னெட்டா தெருமுனையில் இருந்த க்ளோரியாவின் கடைக்குப் போக ஆரம்பித்தாள். தேவாலயத்தில்கூட வேறு வரிசைக்கு மாறிவிட்டாள். லமாரிடமிருந்து போனும் நின்றுபோனது. ஒருநாள் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில் ட்ரையர்களை எல்லாம் ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் ஒடெஸா அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கடையைப் பெருக்கினாள். சொல்லவில்லை.

வசந்தம் முடியும் சமயம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், டிவியில் ஓடிக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சி சட்டென்று நின்றது. அரசு வழக்கறிஞர் ஒலிவாங்கிமுன் வந்து நின்றார். முத்திரை உடைக்கப்பட்டது, பொய்ச்சாட்சி, ஆவணத்தை மறைத்தது, நாடு திரும்பிய கூட்டாளியும் சேர்ந்து இருவரும் கைது என்று நிதானமாகச் சொன்னார். நீதிமன்றப் படிகளில் ப்ரெஸ்காட் ஏறிக்கொண்டிருந்தான். இந்தமுறை அவனிடம் வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை.

கடை அதிர்ந்தது. ஷானிஸ் நாற்காலிமேல் ஏறிக் கத்தினாள். “அக்கா! உங்களுக்கு அப்பவே தெரியும்! கல்லு மாதிரி நின்னீங்களே!”

“எனக்கு என்னடி தெரியும்? எறங்கு, நாற்காலி ஒடஞ்சிரும்.”

ஆனால் கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஜூரியில் இருந்தவர்களை நினைத்துக்கொண்டாள். ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர், முடி வெட்டுகிற ஒருத்தி. வெள்ளை மாளிகையையே ஆட்டிவைத்தவனை, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, கையை மட்டும் உயர்த்தி நிறுத்தியிருந்தார்கள். நெஞ்சு பொங்கி வந்தது. ஒடெஸா பற்களைக் கடித்துக்கொண்டு சிரிப்பை உள்ளே பிடித்துவைத்தாள்.

வெளியே கார்கள் ஒலியெழுப்பின. தெருவின் நடுவில் வெர்னெட்டா ஓடிவந்துகொண்டிருந்தாள். க்ளோரியா கடையின் ஊதாத் துணி தோளில் பறந்தது. பாதித் தலையில் முடி சுருட்டும் ரோலர்கள், மறுபாதி விரிந்து கிடந்தது. கதவைத் தள்ளித் திறந்து, மூச்சிரைக்க நின்றாள்.

“உன் தலைய என்னடி பண்ணி வச்சிருக்கா அவ?” என்றாள் ஒடெஸா. “உக்காரு.”

வெர்னெட்டா உட்கார்ந்தாள். கையில் இருந்த போனை ஒடெஸாவின் காதோடு வைத்து அழுத்தினாள். மறுமுனையில் லமார் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். வார்த்தை பிடிபடவில்லை. அவன் சிரிப்பு மட்டும் கேட்டது. ஒடெஸா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரோலர்களை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள். அவை தரையில் விழுந்து, திறந்த கதவை நோக்கி உருண்டன.