ஓபல் கெடுத்த வண்டி

மெர்ட்டன் வட்டாரத்தில் ராய்ஸ் டக்கெட் பார்க்காமல் யாரும் பின்னால் தொட்டி வைத்த பிக்கப் வண்டி வாங்குவதில்லை. புதுசோ, ரெண்டு லட்சம் மைல் ஓடிய கிழமோ, "ராய்ஸ் பாத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. புது வண்டி வாங்க நினைப்பவர்களை அவர் வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பார். "ஏன்யா, வாரத்துக்கு ரெண்டு மளிகைப் பை ஏத்துறதுக்கு இவ்ளோ பெரிய இன்ஜினா? இதுல ஏறி உக்காரவே உனக்கு ஏணி வேணும் போலயே! பேசாம பாதி விலைக்கு ஒரு காரை வாங்கிட்டு, மிச்சத்துக்கு மாடு வாங்கு" என்பார். திட்டு வாங்கிக்கொண்டே அதையே வாங்குவார்கள், அது வேறு கதை.

பழைய வண்டி என்றால் அந்த வாய் அடைத்துப்போகும். முட்டிக்குத் தோல் பட்டை கட்டிக்கொண்டு, டார்ச்சும் சின்னச் சுத்தியலுமாக வண்டிக்கு அடியில் போய்விடுவார். அரை மணி நேரம் காலிரண்டு மட்டும்தான் வெளியே தெரியும். வெளியே வந்ததும் ஒன்று "வாங்கு" என்பார், இல்லை "வேண்டாம்" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது. டெக்சஸின் அந்த மூலையில் பாதிரியார் பேச்சுக்குக்கூட மறுபேச்சு உண்டு, ராய்ஸ் பேச்சுக்குக் கிடையாது.

வியாழக்கிழமை மரிசெல் கான்ட்ரேராஸ் என்று ஒரு பெண் கூப்பிட்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இருவரும் குதிரைப் பந்தயத்துக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். நான்கு குதிரை ஏற்றும் டிரெய்லரை இழுக்க ஒரு தடியான பிக்கப் வேண்டும்.

"ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், மிஸ்டர் டக்கெட். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துருவேன். எல்வின் பார்ட்லெட்னு ஒரு பெரியவரோட வெள்ளை வண்டி."

ராய்ஸுக்கு அந்த வண்டியைத் தெரியும். இந்த வாரம் முடியாது, வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய்தான். வேண்டிய நேரத்தில் அது வாயில் வரவில்லை. வரக்கூடாத நேரத்தில் மட்டும் ஜம்மென்று வந்திருக்கிறது.

அந்த வெள்ளை வண்டி பதினோரு வருஷத்துக்கு முன்னால் ராய்ஸுடையது. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு இரும்புக் குழாய்களைக் கண்டமேனிக்கு ஏற்றி ஏற்றி, பின் அச்சுக்கு முன்னால் அதன் சேஸ் விரிசல் விட்டது. வண்டிக்கு முதுகெலும்பே சேஸ்தான். அது விட்டுப்போனால் அந்த வண்டியை எந்தப் புத்தியுள்ளவனும் தொடமாட்டான். ராய்ஸ் தன் கொட்டகையில் வைத்து, விரிசலை வெல்டிங் வைத்து ஒட்டி, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்தார். அடுத்த வாரம் சர்ச்சில் எல்வின் பார்ட்லெட் வந்து, "ராய்ஸ், உன் வண்டிய குடுக்கறதா கேள்விப்பட்டேன். ஏதாச்சும் குறை உண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் கிடையாது பிரதர்" என்றார் ராய்ஸ். எல்வின் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை குலுக்கி வாங்கிக்கொண்டு போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? பார்க்கிறவர்களிடமெல்லாம் ராய்ஸ் புராணம்தான். "வண்டின்னா ராய்ஸைக் கேளுங்க. மனுசன் பொய்யே சொல்லமாட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். அப்படித்தான் முதல் ஆள் வந்தான், பிறகு அடுத்தவன், அப்புறம் இதுவே தொழிலாகிப்போனது. ராய்ஸின் நல்ல பெயரெல்லாம் அந்த ஒரு பொய்யிலிருந்து முளைத்தது. அதற்குப் பிறகு அவர் ஒரு வண்டியைப் பற்றியும் பொய் சொன்னதில்லை. அதனால் என்ன? அந்த வெள்ளை வண்டி சர்ச் வாசலில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்.

சனிக்கிழமை காலை அவர் எல்வின் வீட்டுக்குப் போனபோது காற்று ஆளைத் தள்ளியது. தீவனக் கொட்டடியிலிருந்து மாட்டுச் சாண வாடை ஊருக்குள் வரை வீசிக்கொண்டிருந்தது. மரிசெல் வந்து காத்திருந்தாள். எல்வின் வண்டியைக் கழுவித் துடைத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார். எழுபத்து நாலு வயசு. கண்புரை வந்துவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், அதனால்தான் விற்பனை.

"வாடா ராய்ஸ்!" என்று எல்வின் கத்தினார். "இந்தம்மாகிட்ட சொல்லிட்டேன், இவன் வித்த வண்டிய இவனே பரிச்சை பண்றான், பாஸ் போடாம விடுவானான்னு!"

மரிசெல் சிரித்தாள். "அதான் சார் எனக்கு நிம்மதி. இதோட ஜாதகமே இவருக்குத் தெரியும்."

"ஜாதகமா? இதப் பெத்தவனே இவன்தான்மா. தேத்தண்ணி குடிக்கிறியாடா? ஐஸ் போட்டு வெச்சிருக்கேன்."

"அப்புறம் பிரதர்" என்றார் ராய்ஸ். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் முட்டிப் பட்டையைக் கட்டினார்.

இன்ஜினைப் பார்த்தார். கியர் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். பிரேக், பெல்ட், டயர் எல்லாம் பார்த்தார். பின் டயர்கள் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தன. பின்தொட்டியின் நடுவில் டிரெய்லர் மாட்டுகிற இரும்புக் குண்டைப் பதிக்க மரிசெல் ஏற்கெனவே சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ராய்ஸுக்குத் தெரியும். குதிரைகளின் பாரம் மொத்தமும் இறங்கப்போவது நேராக அந்த ஒட்டின் தலையில். எல்வின் பதினோரு வருஷமாக வைக்கோலும் தீவன மூட்டையும் தவிர எதையும் ஏற்றியதில்லை, அதனால்தான் இத்தனை நாள் தாங்கியது.

அடியில் போனார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் தேடவேண்டியிருக்கவில்லை. பூச்சு உரிந்து, ஒட்டின் ஓரத்தில் துருப்பிடித்த கோடு ஒன்று புதிதாக ஓடியிருந்தது. சுத்தியலால் தட்டினார். செத்த சத்தம். மல்லாந்து படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எல்வின் அந்தப் பெண்ணிடம், "இவன் ஓகே சொன்னா கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போம்மா" என்று சொல்வது கேட்டது. சீ, என்ன பிழைப்பு இது என்று ராய்ஸுக்குத் தோன்றியது.

வெளியே வந்தார். "வேண்டாம்மா" என்றார்.

மரிசெல்லின் முகம் மாறியது. எல்வின் காதில் சரியாக விழாததுபோல், "என்னது?" என்றார்.

"சேஸ்ல விரிசல் இருக்கு. பழைய விரிசல். யாரோ வெல்டிங் வெச்சிருக்காங்க. இப்ப அதுவும் விட ஆரம்பிச்சிருக்கு. இதுல குதிரைங்கள இழுத்தா நெடுஞ்சாலையில ரெண்டாப் போயிரும்."

யாரோ! அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ராய்ஸ் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உயிர் தப்பினாள், அது போதும், அதற்கு மேல் யார் என்ன என்று எதற்கு என்று தனக்குள் நியாயம் பேசிக்கொண்டார். அந்த நியாயம் அவருக்கே கேவலமாக இருந்தது.

மரிசெல் எல்வினைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, ஆனால் பார்வை மாறியிருந்தது. "உங்களுக்கு இது தெரியாதா சார்?"

எல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டார். வழுக்கைத் தலை காற்றில் சிவந்தது. "சத்தியமாத் தெரியாதும்மா. தெரிஞ்சா உங்க புள்ளைங்கள ஏத்தற வண்டிக்கு விலை சொல்லுவனா? மன்னிச்சிரும்மா. என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். "ஓபல்" என்றார்.

அவர் மனைவி. இறந்து இரண்டு வருஷம் ஆயிற்று.

"அவதான். வேற யாரு? வண்டி வாங்கின மொதக் குளிர்காலம், ஐஸ் மழையில சறுக்கி ஓடைப்பள்ளத்துல எறக்கிட்டா. அதுக்கப்புறம் கவனிச்சா, வண்டி நேராப் போனா பின்பக்கம் கோணலாப் போகுது, டயரா தின்னுது. கேட்டா, பள்ளம் பூரா பனிதான், எதுலயும் இடிக்கலன்னு அழுதா. ஒம்போது வருஷம் கேட்டேன். ஒம்போது வருஷமும் அதே பேச்சு. இப்ப பாரு! எனக்குத் தெரியாம அவ தம்பி டப்கிட்ட குடுத்து ஒட்ட வெச்சிருக்கா. அவன் வெல்டிங் கடைதான் வெச்சிருக்கான்!"

வண்டி கோணலாகப் போனதற்குக் காரணம், ராய்ஸ் அன்று அவசரத்தில் சேஸை நேர் பார்க்காமல் ஒட்டியதுதான். "ஓபல் கெடுத்த வண்டி" என்று எல்வின் சர்ச் விருந்துகளில் கேலி பண்ணும்போதெல்லாம் ஓபல் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் ஏதாவது பரிமாறுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். ராய்ஸும் சிரித்திருக்கிறார். தட்டை நீட்டி அவள் கையால் பீச் பழப் பணியாரமும் வாங்கித் தின்றிருக்கிறார்.

மரிசெல் தன் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள். "மிஸ்டர் டக்கெட், நீங்க மட்டும் வரலன்னா என் புள்ளைங்க... எப்படிச் சொல்றதுன்னே தெரியல. உங்கள மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருக்கணும்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ராய்ஸுக்கு அந்த நேரம் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

எல்வின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே பிடித்து எண்ணைத் தேடினார். "டப்பை ரெண்டு கேள்வி கேக்கறேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கி இருக்காங்க. அவ போயிட்டா, இவனாச்சும் பதில் சொல்லட்டும்."

"பிரதர், போனை வைங்க."

"இரு, நீ ஏன் பதறுற? இது எங்க வீட்டு விஷயம்."

"டப்புக்கு ஒண்ணும் தெரியாது." என்றார் ராய்ஸ். "ஓபல் சொன்னது நெசம். அந்தம்மா எதுலயும் இடிக்கல. அந்த வெல்டிங் என்னோடது. உங்ககிட்ட விக்கறதுக்கு முன்னாடி நான் வெச்சது."

எல்வின் போனைக் கையிலேயே வைத்திருந்தார். காருக்குள்ளிருந்து மரிசெல்தான் முதலில் பேசினாள்.

"அப்ப அடியில போறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"வியாழக்கிழமை போன்ல பேசும்போதே?"

"தெரியும்."

அவள் எல்வினைக் கைகாட்டினாள். "உங்க நம்பரை எனக்குக் குடுத்ததே இவர்தான்" என்றாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஊருக்குள் போய் என்ன சொல்வாளோ, ராய்ஸுக்கு அந்தக் கவலைகூட இல்லை. சொல்லட்டும்.

எல்வின் மெல்ல வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார், அடிப்பார் என்று ராய்ஸ் எதிர்பார்த்தார். அப்படி ஏதாவது செய்தால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

"எப்ப வெச்ச?" என்று கேட்டார் எல்வின்.

"ஒரு ஞாயித்துக்கிழமை. நீங்க எல்லாரும் சர்ச்சுல இருக்கும்போது."

எல்வின் யோசித்தார். "உனக்குக் காய்ச்சல்னு சொன்ன நாளா? அன்னிக்கு உனக்காக ஜெபம் பண்ணோம். ஓபல்தான் எழுந்து உன் பேரைச் சொன்னா."

ராய்ஸ் வாயைத் திறந்தார். மன்னிப்பு என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றது. எந்த முகத்தோடு அதைச் சொல்வது?

"வண்டிய நான் திரும்ப எடுத்துக்கறேன் பிரதர். நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன். டப்கிட்ட நானே போய்..."

"வண்டிய விடு." எல்வின் குரல் உயரவேயில்லை. "அந்தப் பள்ளத்துக்கு அப்புறம் அவ ஓட்டுறதையே விட்டுட்டா, தெரியுமா உனக்கு? சாவிய மேசையில வெச்சா, மறுபடி தொடவே இல்ல. தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னாலும் என்னைத்தான் கெஞ்சணும். நானும் கூட்டிட்டுப் போவேன், வழியெல்லாம் டயரைச் சொல்லிக் காமிச்சுக்கிட்டே."

"பிரதர்..."

"கேளு. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில பேசக்கூடத் தெம்பில்ல. என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்கு நெனவு இல்ல எல்வின், ஆனா அந்த வண்டிய நான்தான் கெடுத்திருப்பேன் போல. மன்னிச்சிருங்க'ன்னா. இடிக்காதவ மன்னிப்புக் கேட்டாடா ராய்ஸ். நான் சொல்லிச் சொல்லி, அவளே நம்பிட்டா."

ராய்ஸால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்வின் தொப்பியைத் தலையில் வைக்கப் போனார், கை தடுமாறி அது கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றார் எல்வின். "பரவால்ல, மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். பெரிய மனுசன் மாதிரி சொன்னேன்டா."