கல்தொட்டிக்குப் பின்னால் ஒரு சத்தம்

எண்ணூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ராமசெல்வி அந்த நீண்ட மதிலைப் பார்த்திருக்கிறாள். உள்ளே வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டம். பாழாய்க் கிடந்ததைப் பழையபடி சீர்செய்து திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், ராயபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த கணவர் இசக்கிப்பாண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாப்பிடியாகக் கிளப்பிக்கொண்டு வந்தாள்.

அவர் முதல் பெஞ்சைக் கண்டதுமே உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் குளத்தைச் சுற்றி நடந்தாள். மரங்களுக்கு மேலே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. கரையில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டக்.

திரும்பிப் போய், பெஞ்சிலேயே கண்ணயர்ந்திருந்த கணவரை எழுப்பினாள். "ஏங்க, அங்கன என்னமோ தட்டுது. வாங்க, என்னன்னு பாப்போம்."

காற்றில் ஏதாவது ஜன்னல் அடிக்கும், நமக்கென்ன என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கயிறு கட்டி மறித்திருந்த பாதைக்குள் குனிந்து நுழைந்தாள். பழைய நீரூற்றின் கல்தொட்டிக்குப் பின்னால் ஒரு கீரி. அதன் முன்னங்கால்களில் ஒரு நண்டு. கீரி தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால்களுக்கு நடுவே நண்டை வீசி எறிந்தது. டக். கல்லில் மோதி விழுந்த நண்டு ஓடப் பார்க்க, பாய்ந்து பிடித்து மறுபடியும் எறிந்தது.

அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்ல வந்த காவலாளி கோதண்டத்தை, ராமசெல்வி உதட்டில் விரல் வைத்து நிறுத்தினாள். அவரும் குனிந்து பார்த்தார்.

"டெய்லி இந்தச் சத்தத்த கேட்டுகினுதான் கீறேன், யக்கா," என்றார் மெதுவாக. "பைப்பு லீக்குன்னு நென்ச்சிகினு இருந்தேன்."

ஓடு உடைந்தது. உடனே புதருக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் வந்தன. ஒன்று நண்டின் காலைப் பிடுங்கிக்கொண்டது. மற்றது ஒரு கூழாங்கல்லைத் தூக்கி, அம்மாவைப் போலவே பின்னால் எறியப் பார்த்தது. கல் அதன் மூக்குக்கு முன்னாலேயே விழுந்தது. ராமசெல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அவளைத் தேடி வந்த இசக்கிப்பாண்டி பக்கத்தில் குந்தினார். வெள்ளை வேட்டி மண்ணில் புரண்டது. "இன்னொரு தரம் எறியுமா?" என்று அவள் காதோரம் கேட்டார்.

தோட்டம் மூடும் நேரமாகிவிட்டது. கோதண்டம் விசிலை வாய்வரை கொண்டுபோனார். குட்டியைப் பார்த்தார். விசிலைப் பைக்குள் போட்டுவிட்டு, குளக்கரையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வாயால் சொல்லி அனுப்பக் கிளம்பினார்.