சுவருக்கு வெளியே ஒரு கோச்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று நெய்வேலியில் பாஸ்கெட்பால் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது.

கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டி, இறுதி ஆட்டம். எதிரில் விழுப்புரத்துப் பெண்கள். எனக்கு அந்த மாதக் கடைசியில் கல்லூரி கோச் வேலையிலிருந்து ஓய்வு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட என் பெண்கள் அந்தக் கோப்பையைத் தூக்கியதில்லை. இரண்டாம் இடத்துக் கேடயங்கள்தான் பிரின்சிபால் அறையில் வரிசையாக நிற்கின்றன. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க உதவும், வேறொன்றுக்கும் உதவாது.

அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு அம்மாவோடு தேனிப் பக்கம் கிளம்பினார். “நீயும் வாயேம்மா, அங்க காலேஜா இல்ல?” என்றார். டீம் இருக்கிறதே என்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். டீம் என்றால் ஏதோ தீராத வியாதி என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே, இந்திரா நகரில் ஒரு மாடி போர்ஷனில் இருக்கிறேன். என்னிடம் விளையாடியவர்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலும் போலீசிலும் சேர்ந்து நன்றாக இருக்கிறார்கள். காலையில் பூப்படம் போட்டு குட் மார்னிங் அனுப்புவார்கள். நானும் ஒரு பூ அனுப்புவேன். அத்தோடு சரி.

என் முகத்தை யாராவது தேடுகிறார்கள் என்றால் அது ஆட்டத்தின் நடுவில்தான். பந்து கைக்கு வந்ததும் என் பெண்கள் ஒரு நொடி பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். இடதா, வலதா என்று நான் கத்துவேன். “அந்த ஒரு நொடியிலதான் மேடம் நீங்க தோக்கறீங்க, அவங்களையே ஆட விடுங்க” என்று வேறு கல்லூரி கோச் ஒருவர் சொன்னார். வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். அவருக்கு வீட்டுக்குப் போனால் முகம் பார்க்க நான்கு பேர் இருக்கிறார்கள், பேசுவார்.

முதல் பாதியிலேயே ரெஃப்ரியோடு வாக்குவாதம் செய்து ஒரு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கிவிட்டேன். இன்னொன்று வாங்கினால் கோச் மைதானத்துக்கு வெளியே போக வேண்டும். ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரில் மூன்றாவது முடியும்போது நாங்கள் ஆறு பாயிண்ட் பின்னால். எங்கள் கேப்டன் சாதியாவை ஒருத்தி முழங்கையால் இடித்துத் தள்ளினாள். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் தண்ணீர் பாட்டிலை ஓங்கி உதைத்தேன். பக்கத்தில் எங்காவது போயிருந்தால் பிழைத்திருப்பேன். நேரே போய் அவர் ஷூவில் முட்டி நின்றது.

“உமாராணி மேடம், வெளிய போங்க.”

பெஞ்சில் மிச்சம் இருந்தது டீம் மேனேஜர் என்று வந்திருந்த வணிகவியல் மேடம். பாஸ்கெட்பாலில் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது பந்து உருண்டை என்பது மட்டும். சாதியாவோ வாயே திறக்காத பெண். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஷரீப் பாயின் மகள். கேப்டன் என்றால் கத்த வேண்டும் என்று மூன்று வருஷமாகத் திட்டியும் ஒரு சத்தம் வரவழைக்க முடியவில்லை. தோற்றோம் என்று நினைத்துக்கொண்டே அவளைக் கடந்து போனேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளி கேட்டில் செக்யூரிட்டி சின்னதுரை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. சுவர் என்னைவிட உயரம். அதற்கு மேலே எங்கள் பெண்கள் பந்து போட வேண்டிய கூடை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் விளக்குகளுக்காக வைத்த ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் ஜெனரேட்டர் எதற்கு என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

“சாதியா, இடது பக்கம் போடீ!” என்று கத்தினேன்.

பந்து வலது பக்கத்திலிருந்து வந்தது. கூடைக்குள் விழுந்தது. மைக்கில், “நெய்வேலி, ரெண்டு பாயிண்ட்” என்றார்கள்.

“அவசரப்படாதே, பந்தை வெச்சுக்கோ!”

அடுத்த நிமிஷமே இன்னொரு பந்து விழுந்தது. நான் சொன்ன எதையும் அவர்கள் செய்யவில்லை. செய்ததெல்லாம் பலித்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? வயிறு எரிந்தது. கூடையில் பந்து விழ விழ இன்னும் சத்தமாகக் கத்தினேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் குரல் உள்ளே போய்விட வேண்டும், ஒருத்தியாவது திரும்பிப் பார்த்துவிட வேண்டும்.

“மேடம், இந்த மிஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுது? சும்மா கத்திக்கினு இருக்கீங்களே” என்றார் சின்னதுரை. அவருக்கும் ஒரு திட்டு கிடைத்தது.

ஆட்டம் முடிந்த மணி அடித்தது. ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் நெய்வேலி என்றது மைக். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பரிசளிப்பு முடிந்து ஜெனரேட்டரை நிறுத்தியபோது கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். கோப்பையை என் கையில் திணித்துவிட்டு சாதியா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வாயா இந்த வாய் என்று தோன்றும்படி பேசினாள்.

“நீங்க வேணும்னுதானே மேடம் பாட்டில உதைச்சீங்க? இதோ இந்த வளர்மதி, நீங்க கோவத்துல உதைச்சீங்கன்னுதான் சொன்னா. நான்தான், இல்லடி, கோவமா போயிருந்தா நம்ம மேடம் வெளியே நின்னு கத்தியே மைதானத்த ரெண்டாக்கிடுவாங்க, ஒரு சத்தம்கூட வரல பாரு, நம்மள நம்பி அமைதியா நிக்கறாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறந்தான் மேடம் எங்களுக்குத் தைரியமே வந்துச்சு.”

சின்னதுரை வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

“சொல்லுங்க மேடம், வேணும்னுதானே?”

ஆமாம் என்று சொல்லத்தான் பார்த்தேன். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையில் காற்றுதான் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.