வேண்டுகிறோமா, கோருகிறோமா?

தலைவருக்கு ஓட்டு கிடையாது என்ற விதியை எழுதியவரே ஷேக் அலாவுதீன்தான். ஆகவே பிற்பாடு அந்த விதியால் அவர் பட்ட பாட்டுக்கு இன்னொருவரைக் கைகாட்ட வழியில்லாமல் போயிற்று.

அது 1930-ஆம் வருஷம். பினாங்கில் குயின் தெருவிலிருந்து பிரியும் சாக்குச் சந்தில், ஹனீபாவின் காப்பிக் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்குத் தமிழர் விவாத சபை கூடும். பதினைந்து உறுப்பினர்கள். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அலாவுதீன் தலைவர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை என்பது. சபைக்கு நாற்பத்திரண்டு விதிகளைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

சபை பிறந்ததே ஒரு கோபத்தில். லண்டன் பார்லிமெண்டில் மூன்று கட்சிகள், எதற்கும் பெரும்பான்மை இல்லை, எல்லாம் இழுபறியில் கிடக்கிறது என்று வாரா வாரம் பத்திரிகையில் படித்துப் படித்துச் சந்துக்காரர்களுக்கு வெறுத்துப் போயிருந்தது. "அறுநூறு பேரு கோட்டு போட்டுக்கிட்டு ஒக்காந்து ஒரு முடிவு எடுக்க முடியல. நம்ம பதினஞ்சு பேரு போனா பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு வந்துருவோம் லா!" என்று சாரம், கைலி வியாபாரி யூசுப் மேசையில் குத்தினார். காப்பி சிந்தியது. சபை உண்டாயிற்று.

அந்தத் திறமையைக் காட்டவும் சீக்கிரமே ஒரு சந்தர்ப்பம் வந்தது. மார்ச் மாதம் அரிசி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று பின்னால் நகர்ந்து, சந்துக்குப் பொதுவாக இருந்த ஒரே தண்ணீர்ப் பைப்பை அடியோடு சாய்த்துவிட்டது. பீறிட்ட தண்ணீரை யாரோ மரக்கட்டை அடித்து நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு சபை கூடி, முனிசிபல் ஆபீசுக்கு மனு எழுதுவதென்று ஒரே குரலில் தீர்மானித்தது. பைப்பு உடைந்தது, நாற்பது வீடு, சூலியா தெரு முனைவரை நடை என்று எல்லா வரியும் இருபது நிமிஷத்தில் முடிந்தது. கடைசி வரியில் ஒரே ஒரு சொல் பாக்கி.

"ஆகவே புதிய பைப்பு அமைத்துத் தருமாறு கோருகிறோம்" என்றார் யூசுப்.

"வேண்டுகிறோம்" என்றார் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் சுப்பையா.

"எதுக்குப் பிச்சை கேக்கணும்? வரி குடுக்குறோம்ல?"

"வரி குடுத்தா மரியாதை குடுக்கக் கூடாதுன்னு எந்த ஊருச் சட்டம்?"

ஓட்டு எடுத்தார்கள். கோருகிறோம் ஏழு. வேண்டுகிறோம் ஏழு. பதினான்கு கைகளையும் இரண்டு தடவை எண்ணிவிட்டு அலாவுதீன் தன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமும் ஏழு ஏழு. அதற்கடுத்த வாரம் யூசுப் சங்க காலத்திலிருந்து தொடங்கினார். சுப்பையா அதற்கும் முன்னாலிருந்து தொடங்கினார். ஒருவர் பேசும்போது மற்றவர் தன்னுடைய அடுத்த பேச்சைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். யாராவது "கனம் தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை!" என்று எழுந்தால் அது முடிய அரை மணி ஆகும். ஆறாவது வாரம் யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. விதியைத் திருத்தித் தலைவருக்கு ஓட்டுக் கொடுத்துவிட்டால் என்ன? எல்லாரும் பலே என்றார்கள். ஆனால் கிராணி மனசு எந்தப் பக்கம் என்று இரண்டு கட்சிக்கும் சந்தேகம். திருத்தத்துக்கு ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஏழு.

அலாவுதீனுக்கு உள்ளூர "கோருகிறோம்" என்பதே பிடித்திருந்தது. ஆனால் நடுநிலைக்காரர் முகத்தில் அது தெரியக் கூடாதென்று, அந்தச் சொல் வரும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

வீட்டில் அவர் மனைவி சித்தி ஹாஜரா எட்டு வாரம் பொறுத்தாள்.

"ஏங்க, அந்த முனிசிபல் ஆபீசு வழியாத்தானே தினம் வேலைக்குப் போறீங்க? உள்ள போய் 'பைப்பு ஒடஞ்சுருச்சு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சபை பரிசீலனையில இருக்குற விஷயத்தைத் தனி ஆளு எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது. விதி இருபத்தி மூணு."

"அந்த விதிய எழுதுனது யாரு?"

அலாவுதீன் சட்டைக்குப் பொத்தான் போட்டார்.

ஹாஜரா கதவுக்குப் பின்னாலிருந்து காண்டார் கம்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மண்ணெண்ணெய்த் தகரம் தொங்கியது. "எனக்கு முழங்கால் போச்சு. இன்னையிலேருந்து தண்ணி உங்க பரிசீலனை."

அன்று சாயங்காலம் கிராணி ஷேக் அலாவுதீன், கோட்டைக் கழற்றிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் கம்போடு குயின் தெருவில் நடந்தார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் சலாம் சொன்னார்கள். கம்பைப் பிடித்துக்கொண்டே பதில் சலாம் சொன்னதில் பின்தகரம் ஒரு சீன முதியவரின் குடையை இடித்தது. அவர் ஹொக்கியன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அர்த்தம் புரியாததே நல்லதென்று அலாவுதீன் நினைத்தார்.

சூலியா தெரு முனைப் பைப்பில் நீண்ட வரிசை. அவருக்கு முன்னால் பனியனும் சாரமுமாக ஒரு தடித்த முதுகு. திரும்பியபோது அது யூசுப். யூசுப்புக்கு முன்னால் கம்பும் வாளிகளுமாக நின்றவர் சுப்பையா.

மூவரும் சற்று நேரம் மூன்று வெவ்வேறு திசைகளில் பார்த்தார்கள்.

"வாங்க நானா," என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தார் யூசுப் கடைசியில். "உங்க வீட்டுலயுமா?"

"இன்னைக்குத்தான் ஆரம்பம்."

"எனக்கு இது மூணாவது வாரம்," என்றார் சுப்பையா. "தோளைப் பாருங்க பாய், கன்னிப் போச்சு."

மேடை இல்லை, மேசை இல்லை, காகிதம் இல்லை. கைகள் இரண்டும் தகரத்தில். தண்ணீரோ நூல் போல விழுந்தது. ஒரு தகரம் நிறையக் கால் மணி ஆகும். வரிசையை விட்டு வெளிநடப்புச் செய்யவும் முடியாது. அலாவுதீன், தலைவராக இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டுமென்றே கேட்டார்:

"சுப்பையா, கோவிச்சுக்காதீங்க. அந்த 'வேண்டுகிறோம்' மேல உங்களுக்கு ஏன் இம்புட்டுப் பிடிவாதம்?"

சுப்பையா தன் வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல வளந்தவன் பாய். எங்க லயத்து வீட்டுக் கூரை ஒழுகுச்சு. எங்கப்பா தொரைகிட்டப் போயி, 'வேலை செய்யிறோம், கூரை போட்டுத் தரணும்'னு நிமிந்து கேட்டாரு. கேட்டது நியாயந்தான். அன்னைக்குச் சாயங்காலமே சட்டி பானையத் தூக்கி வெளியில வச்சுட்டாங்க. பக்கத்து லயத்துல ஒருத்தன் கும்பிட்டுக் கேட்டான், அவனுக்குக் கூரை வந்துச்சு. எனக்கு அந்தச் சொல்லு புடிச்சிருக்குன்னா நெனைக்கிறீங்க? பயம்."

யூசுப் இடைமறிக்காமல் கடைசிவரை கேட்டார். சபையில் அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.

"எனக்கு நேர் தலைகீழ், அண்ணே," என்றார் பிறகு. "எங்க கடைச் சுவரு வெடிப்பு விட்டுச்சு. கட்டடச் சொந்தக்காரருக்கு வருஷா வருஷம் 'தாழ்மையுடன் வேண்டுகிறேன்'னு எழுதுனேன். ஏழு வருஷம். ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் வந்து, 'யூசுப் மாதிரி பண்பான ஆளு இந்தத் தெருவுலயே கெடையாது'ன்னு பாராட்டிட்டுப் போவாரு. எட்டாவது வருஷம் சுவரு விழுந்துச்சு. நல்லவேளை, வெள்ளிக்கிழமை, எல்லாரும் பள்ளிவாசல்ல இருந்தோம். பண்பு சுவரைத் தாங்கலையே!"

சுப்பையா சிரித்துவிட்டார். சிரித்ததும் மன்னிப்புக் கேட்டார். யூசுப்பும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த மூவரும் தினமும் அதே நேரத்துக்குத் தண்ணீருக்கு வந்தார்கள். எப்படி நடந்ததென்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. யூசுப், "கோவம் வந்து ஆபீசுல எவனாவது எதையாவது செஞ்சா, எனக்குக் கடை இருக்கு. வாடகை அறையில இருக்குறவங்க கதி என்ன?" என்று கேட்பார். சுப்பையா, "ஏழு வருஷம் காத்திருக்க நம்ம தோளுல தெம்பு இருக்கா?" என்று கேட்பார். அலாவுதீன் நடுவில் நின்று இருவரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு விதியையும் அவர் எடுத்துச் சொல்லவில்லை. சூலியா தெருப் பைப்படியில் நடக்கும் விவாதம் மாடியில் நடப்பதைவிடத் தரமானது என்று அவருக்குத் தோன்றியது. அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டாவது ஞாயிறு. ஓட்டுக்கு விடுமுன் யாராவது பேசுகிறீர்களா என்று அலாவுதீன் கேட்டார். யூசுப்பும் சுப்பையாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இரண்டு கட்சிகளும் கதிகலங்கின. ஆனால் இருவரும் பேசவில்லை. யூசுப் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் நடந்தார். சுப்பையா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் நடந்தார். நடுவில் நாற்காலிக் கால்கள் மாட்டிக்கொண்டன. விடுவிக்கும்போதுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது.

"நீங்க எங்க போறீங்க?"

"நீங்க சொன்னது சரின்னு பட்டுச்சு, உங்க பக்கம் போறேன். நீங்க?"

"நான் உங்க பக்கம் வர்றேன் லா!"

இப்போது வேண்டுகிறோம் பக்கம் யூசுப், கோருகிறோம் பக்கம் சுப்பையா. அலாவுதீன் எண்ணினார். ஏழு. ஏழு.

காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற ஹனீபா முதலில் சிரித்தார். பிறகு கூரை அதிர எல்லாரும் சிரித்தார்கள். அலாவுதீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தோள் வலித்தது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"நான் தலைவர் பதவிய விட்டுட்டேன். இனிமே நானும் ஒரு உறுப்பினர். எனக்கும் ஓட்டு இருக்கு. பதினஞ்சு ஓட்டு. பதினஞ்சை ரெண்டாப் பிரிக்க யாராலும் முடியாது."

பெரிய கைதட்டல். கைதட்டல் ஓய்ந்ததும், பின்னால் இருந்து ஒரு குரல்: "அப்ப தலைவரு யாரு?"

யாராவது உட்கார வேண்டும். உட்காருகிறவருக்கு ஓட்டுப் போய்விடும். போன வருஷம் இந்த நாற்காலிக்கு நாலு பேர் போட்டி போட்டிருந்தார்கள். இப்போது, "நீங்க ஒக்காருங்க, வயசுல பெரியவரு", "ஐயையோ, உங்க அனுபவம் எனக்கு ஏது" என்று ஆளாளுக்கு அடுத்தவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். கால் மணி நேரம் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

சுப்பையா எழுந்து போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க பக்கம் ஒரு ஓட்டுக் கொறையுமே," என்றார் யூசுப் பதறி.

"கொறையட்டும். பன்னெண்டு வாரமா என் ஓட்டு இருந்து என்ன கிழிச்சுச்சு? எது வந்தாலும் எனக்குச் சம்மதம். கையத் தூக்குங்க."

அலாவுதீன் உறுப்பினர் வரிசையில் போய் உட்கார்ந்தார். மூன்று மாதம் ஜன்னலைப் பார்த்தபடி அடக்கி வைத்திருந்த ஓட்டு. கோருகிறோம் என்று மனசுக்குள் சொல்லிக் கையைத் தூக்கப் போனவர், கிராணிப் புத்தியில் ஒரு கணக்குப் போட்டுவிட்டார். சுப்பையா போனதால் கோருகிறோம் பக்கம் ஆறு. வேண்டுகிறோம் பக்கம் ஏழு. தான் கோருகிறோம் பக்கம் சேர்ந்தால்...

ஏழு. ஏழு.

கையை மெல்ல இறக்கினார். தனக்குப் பிடித்த சொல்லுக்கு ஓட்டுப் போட்டால் நாளைக்கும் காண்டார் கம்பு. பிடிக்காத சொல்லுக்குப் போட்டால் பைப்பு. லண்டனில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு கணம் அவர் மனம் இளகியது.

"வேண்டுகிறோம் பக்கம் கை தூக்குங்க," என்றார் சுப்பையா.

எட்டாவது கையாக அலாவுதீனின் கை எழுந்தது. யூசுப் அவரைக் கட்டிப் பிடித்து, "நானாவுக்கு நம்ம பக்கந்தான் மனசுன்னு எனக்கு எப்பவோ தெரியும்!" என்றார். அலாவுதீன் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை மூவருமாக மனுவைக் கொண்டுபோனார்கள். சுப்பையா சுத்தமாக எழுதியிருந்தார், ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் இணைத்திருந்தார்கள். முனிசிபல் ஆபீசில் மேசையில் இருந்தவர் முதல் வரியைப் பார்த்ததும், "எந்தச் சந்து?" என்று கேட்டார். சொன்னார்கள். ஒரு சீட்டில் சந்தின் பெயரை எழுதி உள்ளே அனுப்பிவிட்டு, "மூணு மாசமாவா தண்ணி இல்ல? முன்னாலயே ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதா?" என்றார். கடைசி வரிக்கு அவர் கண் போகவேயில்லை. வெளியே வந்து மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ட்ராம் வண்டிக்குக் காத்து நின்றார்கள்.

வியாழக்கிழமை புதுப் பைப்பு வந்தது.

அன்று மாலை அலாவுதீன் சந்துப் பைப்பிலேயே இரண்டு தகரமும் நிரப்பி அடுப்படியில் இறக்கினார். ஹாஜரா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"கடைசியில எந்தச் சொல்லு போட்டீங்க?"

சொன்னார். நடந்ததையெல்லாம், தன் கை எழுந்த கதை உட்பட, ஒளிக்காமல் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லாதது அது.

ஹாஜரா கை வேலையை நிறுத்தினாள். "நீங்க தப்புப் பண்ணிட்டீங்க. தண்ணி தூக்குனவங்களக் கேட்டிருந்தா வேற சொல்லு சொல்லியிருப்போம்."

முன்பாயிருந்தால் அவர் உடனே ஒரு விதியின் எண்ணைச் சொல்லியிருப்பார். இப்போது பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் அப்படிச் சொல்றே?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் இடையில் இரண்டு கேள்வி கேட்டார், ஒன்றுக்கு அவளிடம் பதில் இருந்தது, இன்னொன்றுக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சோறு குழைந்து போகும்வரை இருவருக்கும் அடுப்பு ஞாபகமே வரவில்லை.