மூங்கில் கேட்

பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காரை ஓரங்கட்டி, வழி சொல்லிக்கொண்டிருந்த போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் இதுகிட்டயே கேட்டா எப்படி? நீ சொல்லு. இடமா, வலமா?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் மனைவி, கொஞ்சம் அவசரமாகவே.

தெரியாமல் என்ன! தெருவில் அவளுக்கு வங்கிக்காரி என்று பெயர். போன வருஷம் தலைமை அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாளே, அந்தப் பயிற்சி நடந்தது இந்தக் கடலோரப் பண்ணை விடுதியில்தான். கூடப் பயின்றவர் கிளை மேலாளர். அவர் மாற்றலாகிப் போனதோடு விவகாரம் தானாக ஆறிவிட்டது. ஆறியதைக் கிளறுகிற மாதிரி, கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, உலகத்தில் இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பண்ணையைச் சொன்னார் புருஷன். தற்செயல்தான், தற்செயல்தான் என்று அன்றிலிருந்து அவள் தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இடப்பக்கம் சவுக்குத்தோப்பு; தோப்பு முடிந்தால் பண்ணை. வலப்பக்கம் உப்பளம், அதற்கு அப்பாலும் உப்பளம். அவர் வலப்பக்கம் திருப்பினார்.

பின் சீட்டில் மாமியார். சர்க்கரை உடம்பு. மருமகள் பயிற்சிக்குப் போன நாட்களில் வீட்டில் பொங்கிப் போட்டது இவள்தான். "பாவம், வேலைக்குப் போற பொண்ணு" என்று மகனிடம் பரிந்து பேசியதும் இவளே.

"தம்பி, எங்கயாவது நிறுத்துப்பா. அடக்க முடியல."

"வெட்டவெளிம்மா. ஆளுங்க வேற நின்னு பாக்கறாங்க. இவ வழி சொன்னா இப்பவே போய்ச் சேர்ந்துடலாம்."

உப்பை வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் நிறுத்தி யாரிடமும் கேட்கவில்லை. வரப்பு பிரிகிற இடத்திலெல்லாம் மட்டும் வண்டியை மெதுவாக்கி, "இடமா, வலமா?" என்றார், கடைக்கு வருகிறவர்களிடம் எந்தச் சில்லில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்று கேட்கிற அதே குரலில். வாயைத் திறந்தால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று அவள் வாயையே கட்டிவிட்டாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் பின்னால் ஒரு முனகல்.

"ஏம்மா, நீயாவது சொல்லேன்," என்று மாமியார் அவள் தோளைத் தொட்டாள்.

திரும்பிப் போங்க என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "தெரியாது அத்தை," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. பிறகு வாடை வந்தது. மாமியார் பையிலிருந்து துண்டை எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "சீட்டு பாழாப் போச்சு தம்பி," என்று கடைசியில் அவள்தான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கண்ணாடிக்கடைக்காரர் அங்கேயே வண்டியைத் திருப்பினார். எந்த வரப்பிலும் தயங்கவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. உப்பளம் கழிந்து, பழைய பிரிவு வந்து, சவுக்குத்தோப்புக்குள் கார் நுழைந்தபோது அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வழி தெரியாதவங்க வாய்க்கு வந்ததை ஏதாவது ஒண்ணு சொல்லிடுவாங்க," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடியே. "தெரிஞ்சவங்களுக்குத்தான் வாய் வராது."

பண்ணை வாசலில் அதே மூங்கில் கேட். கீழ்க்கட்டையைக் காலால் உந்திக்கொண்டே மேலே தூக்கினால்தான் திறக்கும். புதிதாக வருகிறவர்கள் கொக்கியோடு மல்லுக்கட்டுவார்கள். உள்ளே இருந்து யாராவது சிரித்துக்கொண்டே ஓடிவர வேண்டும்.

"போய்த் திற."

இறங்கினாள். கடல் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. காருக்குள் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால், மடியில் துண்டோடு, தலை நிமிராமல் மாமியார்.

அவள் கொக்கியைப் பிடித்து ஆட்டினாள். திறக்கவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். கால் தானாகக் கீழ்க்கட்டைப் பக்கம் போனது. அதைப் பின்னுக்கு இழுத்து மணலில் ஊன்றிக்கொண்டு, மறுபடி கொக்கியை ஆட்டினாள்.