வண்டி நிற்காத ஊர்

...இன்றைக்காவது ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காமல் போகட்டும், மயிலம் தாண்டியதுமே கலைப்பிரியா வேண்டிக்கொண்டாள், விழுப்புரத்து ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்ற கால் இரண்டும் கடுத்தன, சிக்னல் கிடைக்காவிட்டால் வண்டி ஊருக்கு நேராகக் கொஞ்ச நேரம் நிற்கும், குதித்து இறங்கி வரப்பில் நடந்தால் வீடு, கிடைத்துவிட்டால் போச்சு, வீட்டை ஜன்னலில் பார்த்தபடியே திண்டிவனம் வரை போய், பஸ் பிடித்து, வந்த வழியே திரும்பி வரவேண்டும், சொந்த வீட்டுக்கு இப்படியும் ஒரு பாதையா? காலையில் அப்பா கையைப் பிடித்தாரே, ஒரு மாதமாகக் கட்டிலை விட்டு எழாத மனுஷன், “இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு இரேன்மா” என்று... “ஜல்தியா வந்துடறேன்பா” என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள், எங்கே ஜல்தியாக வருவது, இந்த வண்டியை வைத்துக்கொண்டு?

ஊருக்கு ஸ்டேஷன் ஸ்டேஷன் என்றே அவள் அப்பா அப்பாதுரைக்கு ஆயுசு போயிற்று, மனுக் கொடுத்தார், மறியலில் அடி வாங்கினார், ஊரைத் திரட்டி லைன் ஓரமாகச் செம்மண் கொட்டிப் பிளாட்பாரத்துக்கு மேடு போட்டார், ரயில்வே ஆட்கள் வந்து அளந்தார்கள், வந்தேவிட்டது என்று வீட்டில் கேசரிகூடக் கிண்டினார்கள்... அப்புறம்தானே போர்டில் எந்த ஊர்ப் பெயர் என்று பக்கத்து ஊரோடு சண்டை. “நம்ம மண்ணுல கட்டிக்கினு அவனுங்க பேரா?” என்று கோர்ட்டுக்குப் போனதும் இதே அப்பாதான். யார் பேராயிருந்தால் என்னப்பா, வண்டி நின்றால் போதாதா... அளந்தவர்கள் திரும்பி வரவில்லை, மேட்டில் வேலிகாத்தான் முளைத்ததுதான் மிச்சம்.

அட, வேகம் குறைகிறதே, நிஜமாகவே நிற்கப்போகிறது... பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள், முட்செடிகள் விலகியதும் வீடு தெரிந்தது. வாசலில் ஏன் இத்தனை பைக்? பிளாஸ்டிக் நாற்காலிகளை யார் இறக்குகிறார்கள்? அத்தை வீரம்மாள் ஏன் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில்... தம்பி பிரவீன்குமார் போனைக் காதில் வைத்தபடி வண்டியையே பார்க்கிறான், அவள் பையில் போன் அடிக்கிறது. வண்டி நின்றது, செம்மண் மேட்டுக்கு நேராக, அப்பா ஆசைப்பட்ட அதே இடத்தில். “யக்கா, உங்க ஊருதான், எறங்கு, சிக்னல் போட்டுடப் போறான்!” பூக்கூடைக்காரி பின்னாலிருந்து தள்ளினாள், ஊர்க்காரர்கள் அவளை இடித்துக்கொண்டு குதித்தார்கள், கம்பியைப் பிடித்த கை மட்டும் விடவில்லை, இறங்கினால் தெரிந்துவிடும், இறங்காதவரை அப்பா கட்டிலில்தான் இருக்கிறார், கண்ணைத் திறந்துகொண்டு, வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு... சிக்னல் கிடைத்துவிடட்டும் சாமி, எடுத்துவிடட்டும், என்று அவள் வாயே முணுமுணுத்தது, நில்லு நில்லு என்று தினமும் கெஞ்சுகிறவளா இவள்? ஹாரன் அடித்தது. மேடு பின்னால் நகர, தம்பி கையை ஆட்டிக்கொண்டு லைனை நோக்கி ஓடிவந்தான். திண்டிவனத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதுவரைக்கும் அப்பா இருக்கிறார், போனை எடுக்காவிட்டால் இருக்கிறார்... அவர் ஆயுசெல்லாம் கேட்டபடி வண்டி நின்றதே, இறங்காமல் போன ஒரே ஆள் அவர் பெற்ற பெண்தானா?